நடுங்காத கை

மெஷின் அறை எப்போதும் குளிராக இருக்கும். வருகிற எல்லோருக்கும் போர்வை கொடுப்பேன். அப்பாவுக்கும் கொடுத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் இரவு வேலை. அப்பா சிங்காரவேலுவுக்கு ஐந்து வருடம் கை நடுங்கியது. சோற்றுத் தட்டைப் பிடிக்க முடியாது. அம்மா அடி வாங்காமல் இருந்தது அந்த ஐந்து வருடம்தான்.

சென்னைக்குக் கூட்டிப்போய் மூளையில் மின்கம்பி வைக்க ஏற்பாடு செய்தவன் நான். நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி. நடுக்கம் நின்றது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்தில் மூன்று முடிச்சையும் அவரே போட்டார். உறவுக்காரர்கள் மெச்சினார்கள். நான்காம் நாள் குழம்பில் உப்பு கூடிப்போனது. அம்மாவுக்கு இடது காது இன்னும் கேட்காது.

"ரூம் எடுக்கிறேன், வந்துடும்மா" என்றேன்.

"நடவு கிடக்கு. எங்கேப்பா வர்றது?" என்றாள். அவளை விட்டுவிட்டு நானும் போக முடியவில்லை.

வரப்பில் வழுக்கி விழுந்ததில் அப்பாவுக்கு இடுப்பு வலி. டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதினார். மூளைக் கம்பியைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. கம்பி உள்ளவர்களை எங்கள் மெஷினில் ஏற்றக் கூடாது. கம்பியின் நுனி சூடாகி மூளையைப் பொசுக்கும். எனக்குத் தெரியும்.

காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன். பகல் ஆட்கள் வந்திருக்கவில்லை.

"சென்னை டாக்டர்கிட்ட கேட்டியாடா?"

"கேட்டுட்டேன்ப்பா. படுங்க."

"நீ கேட்டுக் கிழிச்ச. படிப்பையே முடிக்காத பய."

படிவத்தில் 'உடம்புக்குள் கருவி உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, துணைக்கு வந்திருந்த அம்மாவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"இதுல என்னப்பா இருக்கு?"

"எல்லாரும் போடறதுதாம்மா."

போட்டாள்.

அப்பா கையில் ரப்பர் பல்பைக் கொடுத்தேன். உள்ளே ஏதாவது என்றால் அழுத்த வேண்டும். எனக்கு மணி கேட்கும், விளக்கு எரியும். அந்த விஷயத்தில் நான் விதியை மீறவில்லை. பதினோரு தடவை அழுத்தினார். கையில் நல்ல பலம் இருந்தது. பிறகு அழுத்தவில்லை. ஸ்கேனை முழுசாக முடித்தேன்.

இப்போது அவருக்கு இரண்டு கையும் அசையாது. பேச்சும் இல்லை. அம்மா கஞ்சி ஊட்டுகிறாள், துடைத்துவிடுகிறாள். தன் கையெழுத்தால்தான் இப்படி ஆயிற்று என்று இரண்டு மாதமாகத் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். விளக்கு எரிய எரிய நான் உட்கார்ந்திருந்த கேமராப் பதிவை நீங்கள் காட்டும்வரை, அவள்மேல் தப்பில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

எல்லாம் அம்மாவுக்காகத்தான், மேடம். இனி அவளை யாரும் அடிக்கமாட்டார்கள்.