ஐலி வரைந்தது உண்மைதான்

குழந்தைகளுக்கு என்னைச் சீக்கிரம் பிடித்துவிடும், ஐயா. ஆவணப்படம் எடுக்கப் போகிற வீடுகளில் முதலில் தரையில்தான் உட்காருவேன். ஐலியும் நான் போன அன்றைக்கே என் மடியில் ஏறிக்கொண்டாள்.

ஐந்து வயது. அவள் ஓவியங்கள் சிகாகோவில் ஓவியக் கூடத்தில் தொங்கின. எங்கள் ஹான்காக் ஊரில் மட்டும், அப்பன்காரன்தான் வரைந்து கொடுக்கிறான் என்று பேச்சு. அவள் அம்மா மார்லிஸ் பரிமாறும் உணவகத்திலேயே ஒருவன், "உன் வீட்டுக்காரனுக்குக் கை வலிக்கலையா?" என்று கேட்டானாம். என் படம் அந்த வாய்களை அடைக்கும் என்று நம்பித்தான் மார்லிஸ் வீட்டுச் சாவியையே என்னிடம் கொடுத்தாள்.

கேமரா முன்னால் ஐலி வீடும் சூரியனும் வரைந்தாள். எந்தக் குழந்தையும் வரைவதுதான். மாதக்கணக்கில் அதேதான்.

ஒருநாள் கொல்லையில் இருக்கும் நீராவிக் குளியல் அறையின் கதவு பனியில் இறுகிக்கொண்டது. உள்ளே இருட்டில் ஐலி. நான் திறந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. நேராகப் போய்த் தூரிகையை எடுத்தாள். அன்று வரைந்தது சிகாகோவில் தொங்குவதைப் போலவே இருந்தது; பார்த்து மார்லிஸ் அழுதுவிட்டாள். "இனிமே யாரும் வாயத் தொறக்க மாட்டாங்கல்ல, ரால்ஃப்?" என்றாள்.

ஒரே ஓவியத்தை வைத்து யாரும் நம்பமாட்டார்கள். அடுத்த முறை நானே கதவுக்கு விறகுக்கட்டையை முட்டுக்கொடுத்தேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. வெளியே துணைக்கு நின்றேன். முதலில் தட்டினாள். பிறகு, "ரால்ஃப், நான் நல்லா வரையிறேன். தொறங்க," என்றாள். அந்தக் குரலைக் கேட்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே ஒலிப்பதிவைச் சரிபார்த்தேன்.

ஒவ்வொரு ஓவியமும் முந்தையதைவிட நன்றாக வந்தது. அவளுக்குப் பழகப் பழக, நேரத்தையும் கூட்ட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை அவள் அப்பா குளியலுக்காக அடுப்பை மூட்டிவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும். அன்றும் அவளை உள்ளே விட்டுக் கட்டையை முட்டுக்கொடுத்தேன். கதவே சுட்டது. உள்ளே சத்தம் நின்றபோது, வரையத் தயாராகிவிட்டாள் என்று நினைத்தேன். மார்லிஸ் வந்து கட்டையை உதைத்துத் தள்ளினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு போய்ப் பனியில் கிடத்தினாள். அதையும் எடுத்திருக்கிறேன்.

பிழைத்துக்கொண்டாள் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நல்லது. மருத்துவமனையில் யாராவது கதவைச் சாத்தினால் போதும், போர்வைமேல் விரலால் வரைய ஆரம்பித்துவிடுகிறாளாம். பேச்சு இல்லையாம். கதவைத் திறக்கும்வரை கை நிற்பதில்லையாம்.

பாருங்கள், பக்கத்தில் அப்பா இல்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவளேதான் வரைகிறாள். அதை யாராவது படம் எடுக்கிறார்களா?