பொடிக்குள் வளர்ந்த தாடை

— கண்ணாடியில மூக்க ஒட்டாதக்கா, ஆவி படியுது. அப்புறம் உள்ள ஒண்ணும் தெரியாது.

— தெரிஞ்சா மட்டும்? வெறும் சாம்பல் கலர் பொடிதான் கிடக்கு. அடுத்த வாரம் ஆபரேஷன். என் தாடை எங்கடி?

— அந்தப் பொடிக்குள்ளதான் புதைஞ்சு கிடக்கு. டைட்டானியம். கடைசிச் சில அடுக்குதான் பாக்கி. இரு, இப்ப லேசர் வரும் பாரு.

— அய்யோ! என்னடி இது, வெளிச்சம் தானா எழுதுது!

— அது பட்ட இடத்துல மட்டும் பொடி உருகி ஒட்டிக்கும். உடனே அடியில இருக்குற தட்டு ஒரு தலைமுடி கனத்துக்குக் கீழ இறங்கும். மேல புதுப் பொடி பரவும். மறுபடி லேசர்.

— இப்படியே ஒரு முழு எலும்பா? நம்பவே முடியலடி. எனக்குப் புல்லரிக்குது.

— எங்களுக்கு ஆரம்பத்துல அழுகைதான் வந்துச்சு. எது செஞ்சாலும் சூட்டுல வளைஞ்சு தட்ட விட்டே கிளம்பிடும். எங்க வெல்டர் எடுத்துப் பாத்துட்டு, "கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்"னு கிண்டல் பண்ணுவாரு. லேசர் போற வழிய மாத்தி மாத்திப் பாத்தோம். போன வருஷம்தான் விரிசல் இல்லாம ஒண்ணு வந்துச்சு. அன்னைக்கு அந்த மனுஷன் அதக் கீழ வைக்காம கையிலயே வச்சுக்கிட்டு நின்னாரு.

— என்னோடதுல விரிசல் விட்டா?

— பொடிக்குள்ள ஓரத்துல கம்பி மாதிரி ஒரு சோதனைத் துண்டும் கூடவே வளருது. அத இழுத்து உடைச்சுப் பாத்துட்டுத்தான் உன்னோடத டாக்டருக்குக் குடுப்போம்.

— சரிதான். ஆனா என் பயம் அது இல்லடி.

— பின்ன?

— கட்டி இந்தக் காதுலேருந்து அந்தக் காது வரைக்கும் எலும்பத் தின்னுடுச்சு. மொத்தமா எடுக்கணும்னுட்டாரு டாக்டர். மெஷின் அழகாத்தான் செய்யும். ஆனா யாரோ ஒருத்தி மூஞ்சியோட நான் வீட்டுக்குப் போனா? என் பொண்ணு சின்னக் குழந்தைடி. பயந்து ஓடிடுவா.

— லேசர் நின்னுடுச்சு. கண்ணாடியில மாட்டியிருக்குற இந்தக் கையுறைக்குள்ள கைய விட்டுப் பொடியத் தள்ளுறேன், பாரு.

— மெதுவாடி... வருது, வருது! அடியே, பிரஷ் போற இடமெல்லாம் எலும்பு எழுந்து வருதே! இரு, கண்ணத் தொடச்சுக்கறேன். முகவாயில அந்தப் பள்ளம்! அது என்னோடதுடி. கட்டி வர்றதுக்கு முன்னாடி நான் இப்படித்தான் இருந்தேன்!

— ம்.

— ஆனா எப்படி? ஸ்கேன் எடுக்கும்போதே எல்லாம் அரிச்சுப் போயிருந்துச்சே. எதைப் பாத்து அளவெடுத்தீங்க?

— டாக்டரும் முழிச்சாருக்கா, அளவுக்கு எங்க போறதுன்னு. உன் பொண்ணு நேத்துகூட என்னைப் பாத்துதானே "அம்மா"ன்னு ஓடி வந்தா? ரெட்டையில இன்னொருத்தி நான் எதுக்கு இருக்கேன்னு, நானே போய் அந்த ஸ்கேன்ல படுத்துட்டேன்.