பாதி வேய்ந்த குடிசை

ஓடுகிறோம். கோப்பிச் செடிகளுக்கு நடுவே, மலையிலிருந்து கீழே. ஆடி மாதம். காய்கள் இன்னும் பச்சை. விடிந்து சற்று நேரம்தான் ஆகிறது. பின்னால் கோப்பிக்கொட்டை காயவைக்கிற ஸ்டோர் எரிகிறது.

சத்தம் இரண்டு விதம். கூரை மரம் வெடித்தால் ஒரே ஒரு 'டப்'. துப்பாக்கி அப்படியல்ல. பத்துப் பதினைந்து சேர்ந்து சடசடவென்று வரும். பிறகு அமைதி. அது துப்பாக்கிக்குள் மருந்து இடிக்கிற நேரம். அந்த அமைதியில்தான் ஓட வேண்டும். மாமா அதை இரண்டாவது தடவையிலேயே கண்டுகொண்டார். தப்படிக்கிறவர் அல்லவா. தாளம் பிடிபட்டுவிட்டது.

"இப்ப ஓடு! குனிஞ்சு ஓடு!"

ஓடினோம்.

"படு! படுத்துக்க!"

படுத்தோம். தலைக்கு மேலே இலைகள் பிய்ந்து விழுந்தன.

சுடுகிறவர்கள் யார்? அப்போது தெரியவில்லை. வரி தாங்காமல் கிராமத்துச் சிங்களவர்கள் எழுந்தார்கள் என்றும், அவர்களை அடக்கக் கண்டியிலிருந்து பட்டாளம் வந்தது என்றும் பிறகுதான் அறிந்தேன். கலகக்காரர்களுக்கு நாங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் ஆட்கள். பட்டாளத்துக்கு நாங்கள் கலகக்காரர்கள். துரை முந்தின நாளே குதிரையேறிப் போய்விட்டார். எங்களிடம் சொல்லவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். அப்பா இல்லை. கடல் தாண்டி வந்து தோட்டத்துக்கு நடந்த வழியில் வாந்திபேதியில் போய்விட்டார். அம்மாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் நானும் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பிராவில் இருந்தோம். மாமாவின் பெயர் சடையன். விடியற்காலையில் தப்படித்து லயத்தை எழுப்புவது அவர் வேலை. பிறகு கிளை நறுக்குகிற கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போவார். அன்று தப்பை எடுக்க நேரமில்லை. ஆணியில் தொங்கியபடியே விட்டு வந்தார். கத்தி இடுப்பில் இருந்தது.

ஓடையைத் தாண்டும்போது அம்மா என் காலைப் பார்த்தார். இரத்தம்.

"ஐயோ, புள்ளைக்குக் குண்டு பட்டுருச்சு! எங்கடி பட்டுச்சு? காட்டுடி!"

எனக்கு வலியில்லை. தெரியவில்லை என்றேன். அம்மா என் முழங்காலைத் தடவினார். தொடையைத் தடவினார். காயத்தைத் தேடினார். கை நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த ஓடைக்குள் நின்று சிரித்தார். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் சிரித்தார்.

"குண்டு இல்லடி. பெரிய மனுசி ஆயிட்ட. நல்ல நேரம் பாத்த போ."

மாமா திரும்பிப் பார்க்காமலே கத்தினார். "அக்கா, சந்தோசத்த அப்புறம் வச்சுக்க! ஓடு!"

நண்பகலுக்கு முன்னால் தெல்தெனியவிலிருந்து திகனைக்குப் போகும் பாதைக்கு வந்தோம். வழிப்போக்கர் தங்குகிற அம்பலம் ஒன்று இருந்தது. கல்தூண், ஓட்டுக் கூரை. எங்கள் லயத்து ஆட்கள் அதற்குள் புகுந்தார்கள். நானும் கால் வைத்தேன்.

"அவள உள்ள விடாத!"

கங்காணியின் குரல். அவர் பெயரை எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். காதில் கடுக்கன், தலையில் துண்டு, கையில் பிரம்பு. தீயிலிருந்து ஓடி வரும்போதும் பிரம்பை விடவில்லை. எங்களைவிட உயர்ந்த சாதி. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டால் எனக்குச் சத்தம் வராது. அதனால் எனக்கு அவர் வைத்த பேர் ஊமைச்சி.

"தீட்டுக்காரி. இத்தன பேரு நிக்கிற எடத்துல ஏறலாமா? ஒதுக்கி வை. மாமங்காரன் இருக்கான்ல, குடிச கட்டட்டும்."

பெண் வயசுக்கு வந்தால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டுவது எங்கள் வழக்கம். அவள் அதற்குள் தனியே இருக்க வேண்டும். ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பக்கத்தில் இரும்பு வைக்க வேண்டும். எல்லாம் ஊரில் நடக்கிற காரியம். இங்கே மலைக்கு அப்பால் சுடுகிறார்கள்.

மாமா மறுக்கவில்லை. ஓலைக்குத் தென்னை இல்லை. பனை இனத்துக் கித்துள் மரம் இருந்தது. பாதைக்குக் கீழே புதருக்குள் இடம் பார்த்தார். கங்காணியும் கூடவே இறங்கினார். உதவி செய்ய அல்ல. தூரம் பார்க்க.

"இன்னும் தள்ளிக் கட்டு."

மாமா கழியைப் பிடுங்கித் தள்ளி நட்டார்.

"இன்னும் தள்ளி."

"இதுக்கு மேல தள்ளுனா கண்டி வந்துரும், ஐயா."

அம்பலத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் சிற்றாடைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அன்றைய தினத்தில் அதுவே கடைசிச் சிரிப்பு.

மூன்று பக்கம் அடைத்துவிட்டார். கூரை பாதி. நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். வெட்டிய கித்துள் ஓலையின் பச்சை வாசனை. தூறல். வெளியே கத்தி விழும் சத்தம். டொக். டொக்.

பிறகு கத்திச் சத்தம் நின்றது. பூட்ஸ் சத்தம் வந்தது.

ஓலை இடுக்கு வழியே பார்த்தேன். பாதையிலிருந்து சிப்பாய்கள் இறங்குகிறார்கள். முன்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. மீசை சரியாக முளைக்காத வயது. மாமாவின் கையில் கத்தி. கங்காணியின் கையில் பிரம்பு. சுற்றிலும் வெட்டிய மரம். மறைந்திருந்து சுட யாரோ அரண் கட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். இருவரையும் ஒரே கயிற்றில் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டினார்கள். தொட்டால் குளிக்கிற கங்காணி. தப்படிக்கிற மாமா. ஒரே கயிறு.

அம்மா அம்பலத்திலிருந்து ஓடி வந்தார். அதிகாரியின் காலில் விழுந்தார். அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தன. யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அம்மாவின் நெஞ்சில் இடித்தான். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? அரிசி மூட்டையைத் தரையில் போட்டால் வருமே, அப்படி.

பட்டாளத்தோடு ஒரு நானா வந்திருந்தார். திகனைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. பொதி மாடுகளில் உப்பும் கருவாடும் கொண்டுவந்து எங்கள் லயத்தில் விற்பார். மாடுகளைப் பட்டாளம் பிடித்துக்கொண்டது. மாடுகளை விட மனமில்லாமல் அவரும் வந்தார். கொஞ்சம் இங்கிலீசு தெரியும். அவர் கங்காணியைப் பார்த்துச் சொன்னார்.

"கத்தியோட நிண்டவன எல்லாம் கலகக்காரன்டு சொல்றாங்க. மேல கொண்டு போய்ச் சுடப் போறாங்க. என்ன சொல்லணுமோ கெதியாச் சொல்லுங்க."

கங்காணி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தினமும் நூறு பேரை அதட்டிய வாய். மாமா குடிசைப் பக்கம் பார்க்கவே இல்லை. என்னைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று பார்க்காமல் இருந்தார்.

நான் எழுந்தேன்.

எழுந்ததைத்தான் சொல்ல முடியும். இன்றைக்கும் கடையில் உப்புக் கேட்க எனக்குக் கூச்சம். பாதிக் கூரை தலையில் இடித்தது. வெளியே வந்தேன். கறை பட்ட சிற்றாடை. அத்தனை ஆண்கள்.

"புள்ளே, நில்லு! கிட்ட வராத! சுடுவானுக!"

நானா கத்தினார். துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. நடந்தேன்.

"அது அரண் இல்ல. குடிச. எனக்குக் கட்டுனது. நான் இன்னைக்குக் காலைல வயசுக்கு வந்துட்டேன். ஓல வெட்டத்தான் கத்தி."

நானா தலையைக் குனிந்துகொண்டார்.

"அல்லாவே. இத நான் எப்புடிச் சொல்ற? எனக்கு வாய் வருதில்ல, புள்ளே."

"எனக்கு வந்துருச்சு நானா. நீங்க சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதிகாரியின் காது சிவந்தது. குடிசைக்குள் எட்டிப் பார்த்தான். ஓலையைக் காலால் தள்ளிப் பார்த்தான். பிறகு ஏதோ கேட்டான். நானா என் பக்கம் திரும்பினார்.

"மாமன் ஒருத்தன் ஓல வெட்டினா சரி. கடுக்கன் போட்ட இவன் யாருன்டு கேக்குறான்."

கங்காணி என்னைப் பார்த்தார். ஊமைச்சி என்று என்னைக் கூப்பிட்டவர். உள்ளே விடாதே என்றவர். இவர் யாரோ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் என் தாய்மாமனுங்க."

அம்பலத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எங்கள் ஆட்களுக்கு நான் சொன்னதன் பொருள் தெரியும். அவர் வீட்டுத் தண்ணீரை நாங்கள் தொட முடியாது. அவரை நான் அம்மாவின் அண்ணன் ஆக்கிவிட்டேன்.

அதிகாரி கங்காணியைக் காட்டினான். அவனிடமே கேள் என்றான் போலும்.

"இவ ஒங்கட மருமகளா? கேக்குறான்."

கங்காணி குடிசையைப் பார்த்தார். இல்லை என்றால் நான் பொய் சொன்னவள். கயிற்றில் மாமாவும் இருக்கிறார். கித்துள் ஓலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மலைக்கு அப்பால் மறுபடி சடசடவென்ற சத்தம். பிறகு மருந்து இடிக்கிற அமைதி.

மாமா தலையைத் திருப்பாமல் முதுகுக்குப் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். "ஐயா, உசுரு போனா சாதியும் கூடவே போயிரும்."

"ஆமா," என்றார் கங்காணி. "என் மருமகதான்."

கயிற்றை அறுத்தார்கள். மாமாவின் கத்தியாலேயே அறுத்தார்கள். கத்தியைத் திருப்பித் தரவில்லை.

அதன்பின் திகனை தாண்டி நடந்தோம். மகாவலி கங்கை பெருகி ஓடியது. தோணியில் இடத்துக்குச் சண்டை. எங்கள் லயத்துக் கருப்பாயியும் அவள் கைக்குழந்தையும் அங்கேதான் ஆற்றோடு போனார்கள். கண்டியில் வாவிக்கரையில் மரத்தடியில் கிடந்தோம். அம்மா இருமினார். இருமலில் இரத்தம் வந்தது. இந்த முறை காயம் எங்கே என்று எனக்குத் தெரியும்.

அங்கே கங்காணி வாவியில் முழுகிவிட்டு வந்து எல்லார் முன்னும் சொன்னார். "இந்த மூணு பேருக்கும் என் கூட்டத்துல எடமில்ல. தீட்டோட வெளிய வந்தவ. ஆம்பளைங்க முன்னாடி அந்த வார்த்தையச் சொன்னவ."

மாமா கேட்டார். "அந்த வார்த்த இல்லாட்டி நீங்க எங்க ஐயா முழுகியிருப்பீங்க?"

கங்காணி ஈரத் துண்டை உதறிக்கொண்டு நடந்தார்.

அம்மா ஆடி முடிவதற்குள் இறந்தார். பெண்கள் என் காது கேட்கப் பேசினார்கள். குடிசையை விட்டு இறங்கினாள், தாயைத் தின்றாள் என்றார்கள். அப்போதும் நான் எழுந்து நின்றேன். "எங்க அம்மாவத் தின்னது துப்பாக்கிக் கட்ட. நீங்களுந்தான் பாத்தீங்க," என்றேன். அம்மாவை மாமாவும், மாடுகளைத் தேடிக் கண்டிக்கு வந்திருந்த நானாவும் தூக்கினார்கள். நான் முன்னால் நடந்தேன்.

பிறகு கண்டியில் மிஷன் பள்ளியில் பாத்திரம் கழுவினேன். அங்கேயே நாலாம் வகுப்பு வரை படித்தேன். எழுத்து வந்தது. எழுத நினைக்கவில்லை. கங்காணி பெரிய பணக்காரர் ஆனார். அன்று இங்கிலீசு பேசி அதிகாரியை மடக்கித் தன் ஆட்களைக் காப்பாற்றியதாகக் கடைவீதியில் சொல்லி வந்தார். இப்போது அவர் மகன்கள் சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். அது நடக்கவில்லை. நான் அங்கே இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

லயத்திலிருந்து ஓடியவர்கள் இருபத்திரண்டு பேர். போனவர்கள் ஐந்து பேர். ஸ்டோர் வாசலில் சுடப்பட்ட இருளன். கோப்பிச் செடிகளுக்குள் விழுந்து எழுந்திருக்காத வெள்ளையன். கங்கையில் கருப்பாயி. அவள் குழந்தை, இன்னும் பெயர் வைக்கவில்லை. என் அம்மா மாரியாயி.

போன பொருட்கள். பித்தளைச் சொம்பு இரண்டு. அப்பாவின் கம்பளி. மாமாவின் கத்தி. ஆணியில் தொங்கிய தப்பு. நானாவின் மாடுகளில் மூன்று.

போனதில் என் சடங்கையும் சேர்த்துக்கொள் என்பார்கள். தண்ணீர் ஊற்றவில்லை, சீர் வைக்கவில்லை, குடிசை பாதியில் நின்றது. சேர்க்க மாட்டேன். அது நடந்தது. பாதைக்குக் கீழே, தூறலில், துப்பாக்கிகளுக்கு முன்னால், மாமன்மார் இருவர் இருக்க நடந்தது. ஒருவர் தம் வாயாலேயே சொன்னார்.