வாசிக்காமல் ஓட்டியவன்

எனக்குப் பால் விடாத தேத்தண்ணீர் போதும் இன்ஸ்பெக்டர் ஐயா. சீனியும் கொஞ்சமாக.

புதுக்குடியிருப்பு கடற்றொழில் அலுவலகத்தில் கணினிகள் என் பொறுப்பு. கடல் கொந்தளிக்கும் என்றால் மீன்பிடிக்கப் போகிறவர்களின் போன்களுக்கு எச்சரிக்கை எங்கள் சேர்வரிலிருந்துதான் போகும். அனுப்புவது ஒரு ஸ்கிரிப்ட். கட்டளைகளை வரிவரியாக எழுதிய சின்னக் கோப்பு.

எந்த ஸ்கிரிப்டையும் திறந்து வாசித்த பிறகே ஓட்ட வேண்டும். முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும். என் உதவியாளன் துசியந்தனுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே வாய் உளைந்துவிட்டது. யார் எதை அனுப்பினாலும் அவன் வாசிக்காமலே கணினியில் போட்டு ஒரு தட்டு.

"வாசிச்சனியோ?"

"ஓம் அக்கா, வாசிச்சனான்."

பச்சைப் பொய். கோப்பை யார் எப்போது திறந்தார்கள் என்று சேர்வர் காட்டிவிடும். நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். எங்கள் மேலதிகாரி விமலேஸ்வரியோ, பெடியனுக்கு நல்ல கைவேகம் என்று மெச்சுவா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆகவே ஸ்கிரிப்டில் ஒரு வரி கூட்டினேன். அந்த வரி இருந்தால் ஒரு போன் இலக்கத்துக்கு மட்டும் செய்தி போகாது. என் இலக்கத்தைப் போட்டு ஒத்திகை பார்த்தேன்; என் போன் சத்தம் போடவில்லை. பிறகு அவனுடைய அண்ணன் ஸ்ரீபனின் இலக்கத்தைப் போட்டு அவனுக்கு அனுப்பினேன். ஒளிக்கவில்லை ஐயா, வாசித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். வேறு யாருடைய இலக்கம் என்றால் அவனுக்கு உறைத்திராது.

ஸ்ரீபன் அளம்பில் கரைக்கு அங்கால் தனியாக வாடி என்கிற கொட்டில் போட்டு மீன்பிடித்தவர். பக்கத்தில் கேட்டறிய ஆளில்லை. இப்போது கரையில், போனில் செய்தி வராவிட்டால் கடல் நல்லது என்று படகைத் தள்ளிவிடுகிறார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

எச்சரிக்கை வந்த பின்னேரம் துசியந்தன் பக்கத்துக் கதிரையில் இருந்தான்.

"அக்கா, புதுசை ஓட்டட்டோ?"

"வாசிச்சிட்டு ஓட்டு."

"அதெல்லாம் வாசிச்சாச்சு."

தட்டினான். அண்ணனுக்கும் செய்தி போய்விட்டது என்று நம்பி வீட்டுக்குப் போனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் எப்படிப் பாடம் படிப்பான்?

அன்றிரவு கடலுக்குப் போன ஸ்ரீபனின் உடல் மறுநாள் கரையொதுங்கியது. அவர்களுக்குள் இருந்த காணிச் சண்டையில் தம்பியே செய்தியை மறித்து அண்ணனைத் தீர்த்துவிட்டான் என்று ஊர் கதைக்கிறது; நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். அது பிழை. அந்த வரியை எழுதியது நான்தான்.

செத்தவீட்டில் துசியந்தன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, போனில் அந்த ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தான். கண்ணீரைத் துடைத்துத் துடைத்து, ஒரு வரியும் விடாமல்.

அவனை வேலையால் நிறுத்த வேண்டாம் என்று விமலேஸ்வரிக்குச் சொல்லுங்கள் ஐயா. இப்போதுதான் வாசிக்கப் பழகியிருக்கிறான்.