கண்ணாடி அடுப்பில் தெரிந்த மூஞ்சி

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் கணவனும் மனைவியும். கணவர் மடியில் புது கேஸ் அடுப்புப் பெட்டி.

"இதுமேல எப்டிய்யா களி கிண்டுறது?" என்றார் அந்தம்மா.

"ஏன், இன்னா கொறச்சல்?"

"மேல பூரா கண்ணாடி. துடுப்பப் போட்டு அழுத்துனா தாங்குமா? களி இல்லாட்டி உனுக்குத் தூக்கமே வராது. கடையில இத்த யோசிச்சியா?"

"எங்க யோசிச்சேன்? குனிஞ்சேன், என் மூஞ்சி பளபளன்னு தெரிஞ்சுது. அழகா இருந்துச்சு, வாங்கிட்டேன். என்னைய மாதிரி லூசு இந்த மலையிலயே இல்ல."

"அப்ப நீ அதுல தலை சீவிக்கோ. நான் வெறகடுப்புல கிண்டுறேன்."

எனக்குச் சிரிக்க யோக்கியதை இல்லை. அதே மாதிரி அடுப்பில் களி கிண்டி உடைத்துவிட்டு, பூனை தள்ளிவிட்டதாக வீட்டில் சொன்ன மடையன் நான்.