நான் போகாத ஊர்

ஒரு குடும்பத்தின் பூர்வீக ஊரைத் தேடித் தருவதாகச் சொல்லிவிட்டு, தேடாமலே பொய் எழுதிக் கொடுத்தவன் நான். பஞ்சத்தில் மதுரைப் பக்கம் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். குலசாமி எந்த ஊரில் இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தெரியாததா என்று என்னிடம் வந்தார்கள். நான் வெயிலுக்குப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்து, சிவகங்கைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரை எழுதினேன். அவர்கள் பாட்டன் அங்கே மதம் பிடித்த யானையை அடக்கினார் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த வருடம், திருமங்கலம் போகும், பெட்ரோல் கிடைக்காத காலத்துக் கரி பஸ்ஸில், அந்த வீட்டு அண்ணன் தம்பி இருவரும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. கரியைக் கிளறிவிட பஸ் நின்றபோது பேச்சு தெளிவாகக் கேட்டது.

“அந்த ஊர்க்காரன் நம்மள யாருன்னே தெரியாதுங்கிறானே, தம்பி?”

“அவனுக்கு என்னண்ணே தெரியும்? அங்கயே கெடக்குறவன். நமக்கு வாத்தியாரு எழுதியே குடுத்துருக்காரு.”

“பூசாரி கோயிலுக்குள்ள விடலையேப்பா. குலசாமி முன்னால மொட்டை போடாம என் மகளுக்கு அஞ்சு வயசாச்சு. இம்புட்டு முடி. சீப்பை எடுத்தாலே அழுகுறா.”

“அடுத்த தடவ கெடாயோட போவோம்ணே. படிச்ச மனுசன் பொய்யா எழுதுவாரு?”

நான் தலையைக் குனிந்தபடி இறங்கிவிட்டேன். அன்றே உண்மை முழுவதையும் கடிதத்தில் எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது.

“ஐயா அவர்களுக்கு வணக்கம். இரண்டு கிடாய் கொண்டு போனோம். பூசாரிக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பாட்டன் யானையை அடக்கியதை அவருடைய தாத்தா நேரிலேயே பார்த்தாராம். பிள்ளைக்கு மொட்டை போட்டாயிற்று. தங்கள் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை.”