சென்னியப்பன் வீட்டுத் தோல் நாற்காலி

தோலுக்கு விளக்கெண்ணெயைப் போல ஒத்துக்கொள்வது வேறு கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அவசரம் ஆகாது.

என் பெயர் கந்தவேல். இந்த அஸ்தம்பட்டியில் துரைமார் பங்களா நாற்காலிகளைப் பழுது பார்க்கிறவன். எங்கள் வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள்; நான் ஒருவன்தான் தோலில் விழுந்தேன்.

இந்த முப்பத்தெட்டாம் வருஷம்தான் மல்லசமுத்திரம் பண்ணையக்காரர் சென்னியப்பன், ஏலத்தில் எடுத்த நாற்காலி ஒன்றை வண்டியில் அனுப்பினார். அடடா, அது வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே. தோல் வெடித்து, மூலையை எலி கடித்து, நார் பிதுங்கிக் கிடந்தது. இரண்டு மாதம் சோறு தண்ணி மறந்து உழைத்தேன். முடித்த அன்று பேரீச்சம்பழ நிறத்தில் மினுமினுத்தது. தனியாகச் சிரித்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படியொரு குஷி இல்லை.

கொடுத்துவிட்டுப் பத்து நாளில் மெழுகு போடப் போனேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்ட மனிதர், நல்லெண்ணெய் வழியும் தலையோடு அதில் சாய்ந்து குறட்டை விடுகிறார். கைப்பிடி முழுக்க வெற்றிலைச் சுண்ணாம்பு. நான் திட்டவில்லை. நான் கோபக்காரன் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

உயிர் போன கட்டிலையோ பாயையோ அந்த வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நாற்காலிக்கும் அதே வழக்கம்தானே? வீட்டார் எல்லோரும் கடலைக் களத்தில் இருந்தார்கள். நான் தைத்துக் கொடுத்த தோல் தலையணையை எடுத்து அவர் முகத்தில் நிதானமாக அழுத்தினேன். கொஞ்சம் திமிறினார். ஒரு தையல்கூட விடவில்லை ஐயா, அவ்வளவு சுத்தமான வேலை.

தூக்கத்திலேயே போன நல்ல சாவு என்றது ஊர். காரியம் முடிந்ததும் அவர் மனைவி நல்லம்மாள் ஆளனுப்பினார்.

"அவரு உசுரு போன நாற்காலிங்க. ஊட்டுல வெக்க மனசு ஒப்பலை. நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க சாமி" என்று அழுதார். எனக்கும் கண்ணீர் வந்தது, சந்தோஷத்தில். ஆட்டையாம்பட்டி தாண்டும்வரை வண்டியில் பாடிக்கொண்டே வந்தேன்.

மூன்று மாதம் அதை இந்தக் கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கூட உட்காரவில்லை. போன வாரம் என் மனைவி சௌந்திரம் அதில் உட்கார்ந்து கடலை உரித்தாள். இரண்டு தடவை பொறுமையாகச் சொன்னேன்.

"நாற்காலின்னா உக்காரத்தானுங்க" என்று சிரித்தாள்.

அவள் பாயில் படுக்கும்வரை காத்திருந்துதான் செய்தேன். நாற்காலியில் போயிருந்தால் அதையும் வீட்டைவிட்டு அனுப்பச் சொல்வார்களே. எனக்கு அந்த நிதானம் உண்டு. அவள் அண்ணன் சந்தேகப்பட்டு உங்களைக் கூட்டி வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டையும் நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். யார்மீதும் விரோதம் கிடையாது. தூக்கு என்றாலும் சரி. ஆனால் உங்கள் ஏட்டய்யா அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், இடுப்புவாரின் பித்தளை தோலில் உரசுகிறது. வந்ததும் ஒரு தடவை மரியாதையாகச் சொன்னேன். இது இரண்டாம் தடவை.